வாட்ச் கட்டிய அபிமன்யு

ராத்திரி எங்கள் தெருவுக்கு டெக்கு வருகிறது என்பது சாயந்திரமே தெரிந்துவிடும். டெய்லர் அண்ணன் தையல் மிஷினை நாலு மணிக்கே உறை போட்டு மூடியிருப்பார். அளவு ரவிக்கையோடு வந்தவர்களை "நாளைக்கு வாங்கக்கா" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார். கடை மூலையில் வேட்டித் துணி சுற்றிய ஃபுனாய் டெக்கு. ஆணியில் தொங்கும் மஞ்சள் பையில் நாலைந்து வீடியோ கேசட். அந்தப் பையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை தெருவில் சொன்னால் போதும், அன்றைக்கு யாருக்கும் வீட்டுப்பாடம் கிடையாது.

1980-களின் கடைசி. பாப்பிரெட்டிப்பட்டியில் டி.வி. இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். டெக்கு வைத்திருந்தவர்கள் அதிலும் குறைவு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் பண்டிகை என்று ஏதாவது ஒன்று வந்தால் வாடகைக்கு எடுப்பார்கள். களத்து மேட்டில் கட்டிலைப் போட்டு, அதன் மேல் மேசையை ஏற்றி, மேசை மேல் டயனோரா டி.வி.யை வைப்பார்கள். பகலெல்லாம் குச்சிக்கிழங்கு பிடுங்கியவர்களும் கரும்பு வெட்டியவர்களும் குளித்துவிட்டுக் கோணிப்பையோடு வந்து இடம் பிடிப்பார்கள். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கும் நேரத்தில் முதல் படம் தொடங்கும். விடிய விடிய மூன்று படம். முதலில் சாமி படம், அடுத்து எம்.ஜி.ஆர். அல்லது ரஜினி, நடுச்சாமத்துக்கு மேல் இங்கிலீஷ் படம். ஹாங்காங்கில் எடுத்த கராத்தே படமும் எங்களுக்கு இங்கிலீஷ் படம்தான். ஜப்பானில் எடுத்ததும் அதுதான்.

இதற்கெல்லாம் முன்னால், பெரியவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வருவதற்குள், பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைக்க ஒரு கேசட் ஓடும். தூர்தர்ஷனில் வந்த 'ஜெயண்ட் ரோபோட்' தொடரை யாரோ டி.வி.யிலிருந்து பதிவு செய்திருந்த கேசட். மலையடிவாரத்து அலைவரிசை எப்படி இருந்ததோ அப்படியே பதிவாகியிருந்தது. படம் பாதி, புள்ளி பாதி. பேசியது முழுக்க இங்கிலீஷ். களத்தில் இருந்த முப்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது.

அதனால் டெய்லர் அண்ணன் பேசுவார். டி.வி.க்குப் பக்கத்தில், திரையை மறைக்காமல், ஒரு காலை மடித்து உட்கார்ந்துகொள்வார். இளவட்டமாக இருந்தபோது பாரதக் கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டியவர். கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவை யார், எந்த ஊர் என்று கேட்டு, அவன் சொல்வதை நம் பேச்சில் நமக்குச் சொல்பவன் கட்டியங்காரன். அவன் இல்லாமல் ஒரு ராஜாவும் மேடைக்கு வர முடியாது. அண்ணனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. அது அவருக்கு ஒரு குறையாகவே இருந்ததில்லை.

"இது யாருன்னு தெரியுதா பசங்களா? கடோத்கஜன். கையில வாட்ச் கட்டியிருக்கானே, அந்தப் பையன் அபிமன்யு. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். தம்பி கூப்பிட்டா அண்ணன் எங்க இருந்தாலும் பறந்து வந்துருவான்."

எங்களுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு பையன் மணிக்கட்டை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் எதையோ சொல்கிறான். மலையளவு இரும்பு மனிதன் கண்ணைத் திறக்கிறான், முஷ்டியை உயர்த்துகிறான், காலுக்கடியில் புகை கிளம்ப வானத்தில் ஏறுகிறான். விரல் நுனிகளிலிருந்து குண்டுகள் பாய்கின்றன. கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் வாரம் ஒரு பூதம் வருகிறது. கடோத்கஜன் அதை அடித்துப் போடுகிறான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாட்ச் இல்லாத நாங்கள் மணிக்கட்டில் பேனாவால் வட்டம் வரைந்துகொண்டு அதில் பேசினோம்.

அது ஜப்பானில் எடுத்த தொடர் என்பதோ, ஒரு படக்கதைப் புத்தகத்திலிருந்து வந்தது என்பதோ எனக்குத் தெரிய வந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. 1934-இல் கோபே நகரத்தில் பிறந்த மிட்சுதெரு யோகோயாமா 1967-இல் வரையத் தொடங்கிய மங்கா அது. மங்கா என்றால் அவர்கள் ஊர்ப் படக்கதை. அதே ஆண்டிலேயே தோயே நிறுவனம் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தது. மொத்தம் 26 பகுதிகள். அமெரிக்காக்காரர்கள் வாங்கி, தாய்சாகு என்ற பையனை ஜானி சாக்கோ ஆக்கி, இங்கிலீஷில் பேசவிட்டார்கள். அதில் சில பகுதிகளை வெட்டி ஒட்டி 1970-இல் ஒரு முழு நீளப் படமாகவும் விற்றார்கள். அந்த இங்கிலீஷ் வடிவம்தான் தூர்தர்ஷன் வழியாக எங்கள் களத்துக்கு வந்தது. இதே யோகோயாமா சீனத்துப் பழைய வீரகாவியமான மூன்று ராஜ்ஜியங்களின் கதையை அறுபது தொகுதிகளாக வரைந்தவர் என்று பின்னால் படித்தேன். படித்தவுடன் டெய்லர் அண்ணன் நினைவுதான் வந்தது. காவியம் படித்த ஒருவர் வரைந்த கதையை, காவியம் ஆடிய ஒருவர்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

தொடரின் முதல் பகுதியில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ரோபோவுக்கு எஜமான் யார் என்பதைப் படையோ பணமோ முடிவு செய்வதில்லை. கட்டுப்பாட்டு வாட்சுக்குள் முதன்முதலில் எந்தக் குரல் விழுகிறதோ அந்தக் குரலுக்கு மட்டும்தான் அது கட்டுப்படும். பையன் தெரியாமல் அதில் பேசிவிடுகிறான்; அதனால் ரோபோ அவனுடையது. இங்கிலீஷில் இதை விளக்கமாகச் சொல்கிறார்கள். அண்ணன் அதைக் காதில் வாங்கியிருக்க முடியாது. ஆனாலும், "யாரு மொதல்ல ஆசையா கூப்பிட்டாங்களோ அவங்களுக்குத்தான் கட்டுப்படுவான்" என்று எங்களிடம் சொன்னார். பையன் முகத்தையும் ரோபோ திரும்பிப் பார்த்ததையும் வைத்தே பிடித்திருக்கிறார். அந்த ரோபோவை நான் முதலில் கேட்டது அவர் குரலில். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்குக் கேட்பது அந்தக் குரல்தான்.

என் அம்மா முதல் நாளே, "உள்ள ஆளு நடக்கறான்" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்களும் ஆமாம் என்றார்கள். பிள்ளைகளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மா குறையாகச் சொல்லவில்லை என்பது இப்போது புரிகிறது. திரௌபதி அம்மன் பண்டிகையில் கட்டை வைத்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு விடியும்வரை ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள். உள்ளே ஆள் இருப்பது அவளுக்குத் தெரிந்த சங்கதி; அந்த ஆள் எப்படி நடக்கிறான் என்றுதான் பார்த்தாள். "பாரம் தாங்கி நடக்கறான் பாரு, பாவம்" என்பாள். ஜப்பானில் அப்படிப் பாரம் தாங்கியவர்களில் பெயர் பெற்றவர் ஹருவோ நகஜிமா. 1954-இல் இஷிரோ ஹோண்டா இயக்கிய முதல் 'கோட்சில்லா' படத்தில் உடைக்குள் இருந்தவர். முதலில் செய்த உடை 100 கிலோ இருந்ததாம். விளக்கு வெளிச்சத்தின் சூட்டில், மூச்சு விட வழியில்லாத ரப்பருக்குள், பத்தடி நடப்பதே பெரும்பாடு. அவர் யானையையும் கரடியையும் பார்த்து நடையைக் கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டரில் வரைந்த பூதங்களை அம்மா பிற்பாடு எவ்வளவோ பார்த்துவிட்டாள். எதைப் பார்த்தும் 'பாவம்' என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசிப் பகுதி வந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. வில்லன் கில்லட்டின், நீலத் தலையும் விழுதாகத் தொங்கும் தாடியுமாக ஒரு சக்கரவர்த்தி. மலையளவு வளர்ந்து நிற்கிறான். அவன் உடம்பே அணுகுண்டு. சுட்டால் பூமியே போய்விடும். கேசட்டைப் போடும் முன்பே அண்ணன் எழுந்து நின்று சொன்னார்.

"இப்பவே சொல்லிடறேன், அப்புறம் அழக்கூடாது. கடோத்கஜன் இன்னைக்கு வீட்டுக்குத் திரும்ப மாட்டான்."

பாரதம் தெரிந்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தைக் கர்ணன் அர்ச்சுனனுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். ஒரே தடவைதான் எய்யலாம். அதைக் கடோத்கஜன் மார்பில் வாங்கிக்கொண்டான். சாயும்போதும் உடம்பைப் பெருக்கிக் கௌரவர் சேனை மேல் விழுந்தான். அண்ணன் சொன்னபடியே ரோபோ, யாரும் கட்டளை இடாமலே, கில்லட்டினைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் பறந்தது. பையன் வாட்சில் கத்திக் கத்திக் கூப்பிட்டான். அதுவரை அந்தக் குரலை ஒரு முறையும் மீறாத ரோபோ அன்றைக்குத் திரும்பவில்லை. அழக்கூடாது என்று சொல்லியும் முப்பது பிள்ளைகளும் அழுதோம். அடுத்துப் போட்ட சாமி படம் பாதி ஓடியும் விசும்பல் நிற்கவில்லை. அந்தத் தொடரைத் தூர்தர்ஷனில் வீட்டுக்குள் உட்கார்ந்து இங்கிலீஷில் பார்த்த பட்டணத்துப் பிள்ளைகளும் அழுதிருப்பார்கள். அழப்போகிறோம் என்று தெரிந்தே போய் உட்கார்ந்தவர்கள் நாங்கள்தான்.

இப்படி டெக்கு போட்டுப் பொதுவில் படம் காட்ட உரிமம் வேண்டும் என்று 1984-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் பிறகுதான் படித்தேன். தியேட்டர்காரர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கூட்டம் களத்துக்குப் போனால் கொட்டகை எப்படிப் பிழைக்கும்? ஆனால் ஒரு கூலிக்காரக் குடும்பம் ஐந்து பேராக அரூருக்கோ தருமபுரிக்கோ பஸ் ஏறிப் போய்ப் படம் பார்த்துத் திரும்புவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் பெரிது. அந்த நாட்களில் எங்களுக்கு உலகம் வந்த வழி அந்த டெக்குதான்.

அண்ணன் 1990-களின் நடுவில் திருப்பூருக்குப் போனார். தைக்கத் தெரிந்தவர்கள் பலரும் அப்போது அங்கேதான் போனார்கள். அவர் குரல் இல்லாத அந்த இடத்துக்கு டப்பிங் வந்தது. அனகோண்டா தமிழில் பேசிற்று. அமெரிக்காக்காரர்கள் எடுத்த கோட்சில்லாவும் டைனோசரும் தமிழில் துரத்தின. கேசட் போய் வி.சி.டி. வந்தது. ஒரு படத்துக்கு இரண்டு வட்டு. சண்டை உச்சத்தில் இருக்கும்போது முதல் வட்டு முடியும். 2004-இல் திருட்டு வி.சி.டி. விற்பவர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு வி.சி.டி.யும் 34 ரூபாய்க்கு டி.வி.டி.யும் போட்டது. 2006-இல் தொடங்கிய இலவசக் கலர் டி.வி. திட்டத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று வந்து சேர்ந்தது. அந்த 14 அங்குலப் பெட்டி செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து, 'போ' என்று சொல்லக் கேட்டுத் திரும்பிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. என் மகள் தலைமுறையில் எங்கள் தெருப் பிள்ளை ஒன்றுக்கும் அந்த வலி தெரியாது. களத்தில் கட்டில் போடுவது அதோடு நின்றது.

மகளுக்கு இப்போது பதினான்கு வயது. பொம்மிடியிலிருந்து ரயிலேறிச் சேலம் போவதைத் தவிர அதிகம் வெளியே போனதில்லை. ஆனால் ஹஜிமே இசயாமா யார் என்று தெரியும். அவர் 2009-இல் தொடங்கிய 'அட்டாக் ஆன் டைட்டன்' 2021-இல் எப்படி முடிந்தது என்று தெரியும். அந்த முடிவு பிடிக்கவில்லை என்று அரைமணி நேரம் வாதாடவும் தெரியும். மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது தமிழிலும் பேசியது. பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு அதைப் பற்றியே பேசியதாம். யார் வரைந்தது, எந்த ஸ்டூடியோ, தமிழில் யார் குரல் எல்லாம் அவர்களுக்குத் தெரிகிறது. நாங்கள் பூதத்தை மட்டும் பார்த்தோம். இவர்கள் பூதத்தைச் செய்த கைகளையும் பார்க்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. யோகோயாமா என்ற பெயரை அறியாமலே அவருக்காக அழுத முப்பது பிள்ளைகளில் ஒருத்தியாக இதைச் சொல்கிறேன்.

ஆனால் மகள் படம் பார்ப்பது காதில் ஹெட்போனோடு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு. அம்மா அறைக்குள் போய், "என்னடி பாக்கற?" என்று கேட்பாள். பதில் வராது. காதில் விழுந்தால்தானே?

ஒருநாள் மகள் என்னைக் கூப்பிட்டு ஒரு யூடியூப் வீடியோவைக் காட்டினாள். 'தமிழ் விளக்கம்' என்று தலைப்பு. ஒரு ஜப்பான் படத்தை வெட்டி வெட்டி ஓடவிட்டு, பின்னால் ஒருவர் மூச்சு விடாமல் கதை சொல்லிக்கொண்டு போகிறார். இரண்டு மணி நேரப் படம் இருபது நிமிடத்தில் முடிந்தது. கொரியப் படம், ஸ்பெயின் படம், பார்க்காத படம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒன்று இருக்கிறதாம், லட்சக்கணக்கானவர்கள் கேட்கிறார்களாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டெய்லர் அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஜப்பானிலும் அப்படி ஆட்கள் இருந்தார்கள். மௌனப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையும் வசனமும் சொல்பவருக்குப் பென்ஷி என்று பெயர். அயல்நாட்டுப் படத்தையும் உள்ளூர்ப் பேச்சில் அவர்தான் சொல்வார். நடிகரை விடப் பென்ஷிக்காகவே கூட்டம் வந்த காலம் உண்டு. பேசும்படம் வந்ததும் அந்தத் தொழில் செத்தது. இயக்குநர் அகிரா குரோசவாவின் அண்ணன் ஹெய்கோ ஒரு பென்ஷி. வேலை போய், 1933-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தம்பி சினிமா பார்க்கக் கற்றுக்கொண்டது அந்த அண்ணன் அழைத்துப்போன கொட்டகைகளில். அதைப் படித்த நாளிலிருந்து, கதை சொல்கிறவனின் வேலை படத்துக்கு ஒட்டுப் போடுவது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஆனால் அந்த யூடியூப் குரலைப் பத்து வீடியோ கேட்ட பிறகு ஏதோ குறைவது தெரிந்தது. அது நன்றாகச் சொல்கிறது, அண்ணனை விடச் சரியாகவே சொல்கிறது. பெயர் மாறாது, கடோத்கஜன் குறுக்கே வரமாட்டான். ஆனால் நடுவில் கேட்க முடியாது. களத்தில் நாங்கள் விடாமல் கேட்போம். "அந்தப் பையனுக்கு அம்மா இல்லையா அண்ணா?" "கடோத்கஜன் எங்க தூங்குவான்?" "வாட்ச் தண்ணில விழுந்தா?" ஒவ்வொன்றுக்கும் அவர் நின்று பதில் சொல்லுவார். பதில் சொல்லும்போதே இங்கிலீஷ் கதை ஒரு பக்கமும் எங்கள் கதை இன்னொரு பக்கமும் போய்விடும். கிழவிகளும் கேட்பார்கள். கேட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த கதை அது.

போன தீபாவளிக்குப் பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி ஊருக்கு வந்தபோது, மருமகளுக்கென்று ஒரு படத்தின் இரண்டு பாகமும் டிஸ்க்கில் கொண்டுவந்தான். மகள் வெகுநாளாகக் கேட்டது. ஜப்பானியப் பெயர் 'கிசெய்ஜூ'. ஒட்டுண்ணி மிருகம் என்று பொருள் சொல்லலாம். ஹிதோஷி இவாகி வரைந்து 1995-இல் முடித்த பத்துத் தொகுதி மங்கா. படமாக்கும் உரிமை 2005-இலிருந்து ஹாலிவுட் கம்பெனி ஒன்றிடம் எடுக்கப்படாமலே கிடந்தது. 2013-இல் அது காலாவதியான பிறகு ஜப்பானிலேயே எடுத்து, 2014 நவம்பரிலும் 2015 ஏப்ரலிலும் இரண்டு பாகமாக வெளியிட்டார்கள். இயக்கியவர் தகாஷி யமசாகி. பின்னால் 'கோட்சில்லா மைனஸ் ஒன்' எடுத்து, அதன் காட்சி ஜாலத்துக்காக 2024-இல் ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். அந்தப் படத்தில் 610 காட்சித் துண்டுகளை 35 பேர் சேர்ந்து செய்தார்கள் என்று மகள் சொன்னபோது, ஒரு கல்யாணப் பந்திக்கு அதைவிட அதிகம் பேர் வேண்டுமே என்றாள் அம்மா.

டிஸ்க் போட வீட்டில் கருவி ஏது? தம்பி தன் லேப்டாப்போடு ஒரு டிஸ்க் டிரைவை இணைத்து, கேபிளை ஹாலில் இருந்த பெரிய டி.வி.யில் செருகினான். இந்தக் கேபிள் கட்டாயத்தால்தான் படம் ஹாலுக்கு வந்தது. மகளின் ஹெட்போனுக்கு வேலையில்லாமல் போயிற்று. அம்மா சுவரில் சாய்ந்து, முறத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஜப்பானிய மொழி, கீழே இங்கிலீஷ் எழுத்து.

கதை இப்படித் தொடங்குகிறது. புழு மாதிரி ஜந்துக்கள் ராத்திரியில் வந்து, தூங்குகிறவர்கள் தலைக்குள் புகுந்து மூளையைத் தின்று அந்த உடம்பைத் தமதாக்கிக்கொள்கின்றன. அப்படி ஆனவர்கள் மனிதர்களைத் தின்கிறார்கள். ஷினிச்சி என்ற மாணவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூங்கியதால் அவன் தலைக்குள் அதனால் போக முடியவில்லை. வலது கைக்குள் போய்விடுகிறது. அவன் கையை இறுக்கிக் கட்டிவிட, அது கையோடு நின்றுவிடுகிறது. காலையில் உள்ளங்கையில் கண் திறக்கிறது. புத்தகங்களைப் புரட்டி மனுஷப் பேச்சைக் கற்றுக்கொண்டு அவனோடு பேசத் தொடங்குகிறது. பெயர் மிகி. மிகி என்றால் ஜப்பானிய மொழியில் வலது.

"பாத்தியா, ஹெட்போன் போட்டா நல்லதுதான்" என்று மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வேறொரு வலது கை நினைவுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் பழைய விலைக்கு வாங்கிய முத்து காமிக்ஸ். 1972-இல் அதன் முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. அவனுக்கும் இரும்பானது வலது கைதான். அது இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளிவந்து சிவகாசியில் தமிழான கை. எங்கள் தலைமுறைக்குக் கையில் கருவி மாட்டினால் போதும், மாயம் நடந்தது. இந்தப் பையனுக்கோ கையே வேறொரு ஆளாகிவிட்டது.

படம் கால் மணி ஓடியிருக்கும். "அந்தக் கை என்னடி சொல்லுது?" என்றாள் அம்மா.

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ரிமோட்டை எடுத்துக்கொண்டு சோபாவிலிருந்து இறங்கி, டி.வி.க்குப் பக்கத்தில், திரையை மறைக்காமல் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த இடத்தை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

"அது நல்லதா கெட்டதான்னு அதுக்கே தெரியாது ஆயா. உயிரோட இருக்கணும், அவ்வளவுதான் அதுக்கு. விக்கிரமாதித்தன் தோள்ல வேதாளம் உக்காந்து பேசுமே, அந்த மாதிரி."

"அப்ப கேள்வி கேக்குமா?"

"கேட்டுக்கிட்டே இருக்கும்."

அம்மா தலையாட்டினாள். அடுத்து, ஷினிச்சியின் தாய் வந்தாள். சின்ன வயதில் அவன் மேல் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி சாய்ந்தபோது வெறும் கையால் தடுத்தவள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மா மொச்சை உரிப்பதை நிறுத்தினாள். அந்தத் தாய்க்கு என்ன ஆகப்போகிறது என்று மகளுக்குத் தெரியும், மங்காவில் படித்திருக்கிறாள். படத்தை நிறுத்திவிட்டு, "ஆயா, இப்பவே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள். என் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அலமாரியின் மேல் தட்டில் ஒரு கேசட் இருக்கிறது. திருப்பூர் போகும் முன் அண்ணன் எனக்குக் கொடுத்தது. முதுகில் பேனாவால் 'ரோபோ' என்று எழுதியிருப்பார். இரண்டு மழைக்காலத்துக்கு முன் எடுத்துப் பார்த்தபோது சுருள் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. ஓட்டிப் பார்க்க டெக்கும் இல்லை. கடைசிவரை டெக்கு செய்துகொண்டிருந்த ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. தம்பியிடம் அன்று அதைக் காட்டினேன். பெங்களூரில் பூஞ்சை துடைத்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துப் போயிருக்கிறான். படம் வந்தால் வரட்டும். எனக்கு வேண்டியது அந்தக் கேசட்டில் பதிவாகவே இல்லை.

முதல் பாகம் முடியும்போது மணி பதினொன்று. தம்பி அடுத்த டிஸ்க்கைப் போட எழுந்தான். அம்மா முறத்தைத் தட்டி மொச்சைத் தோலை ஒதுக்கினாள்.

"ஏன் கண்ணு, மத்ததெல்லாம் ஆளைத் தின்னுதே, அந்தக் கைக்குப் பசிக்காதா?"

"அதுக்குத் தனியா பசிக்காது ஆயா. அவன் சாப்பிடறதுதான் ரத்தத்தோட அதுக்கும் போகுது."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்பன்னா அவனுக்கு ரெண்டு கரண்டி சோறு கூடப் போடச் சொல்லு."